இலையைச் செரிப்பது யார்? தாவரம் தின்னும் பூச்சிகளும் அவற்றின் குடல் பாக்டீரியாக்களும்

செடியைத் தின்று வாழ்வது சுலபம் என்றுதான் தோன்றும். உணவு ஓடாது, ஒளியாது. நாலா பக்கமும் பச்சை. சத்துக் கணக்கைப் பார்த்தால் கதை வேறு. இலையின் உயிரணுக்களைச் செல்லுலோஸும் பெக்டினும் சேர்ந்த சுவர்கள் மூடியிருக்கின்றன. தண்டின் புளோயக் குழாயில் ஓடும் சாறு ஏறக்குறைய சர்க்கரைத் தண்ணீர். உடல் கட்டத் தேவையான இன்றியமையா அமினோ அமிலங்கள் அதில் சொற்பம். விதையில் சத்து உண்டு, கூடவே நஞ்சும் உண்டு. இருந்தும், அறியப்பட்ட பூச்சி இனங்களில் ஏறத்தாழப் பாதி தாவரத்தையே நம்பிப் பிழைக்கின்றன.

இந்த முரணுக்கு நூறாண்டுக்கு மேலாகச் சொல்லப்பட்டுவரும் விளக்கம் ஒன்று உண்டு. பூச்சி தனியாக உண்பதில்லை. அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் குறையை நிரப்புகின்றன என்பது அது. சில பூச்சிகளில் இது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுவிட்டது. ஆனால் எல்லாப் பூச்சிகளுக்கும் இதை நீட்டலாமா என்று கேட்டால் ஆய்வாளர்கள் பல திசைகளில் பிரிகிறார்கள். டிஎன்ஏ வரிசையைப் படிக்கும் செலவு சரிந்த பிறகு, கையில் கிடைத்த பூச்சியின் குடலையெல்லாம் திறந்து பாக்டீரியாப் பட்டியல் போடுவது வழக்கமாகிவிட்டது. பட்டியல்கள் நீண்டன, கேள்வி தீரவில்லை.

பாஸ்டரின் ஊகம்

கேள்வியின் வேர் பூச்சியியலுக்கு வெளியே இருக்கிறது. பட்டுப்புழு நோய்களை ஆராய்ந்து பிரான்சின் பட்டுத் தொழிலுக்கு உதவிய லூயி பாஸ்டர், 1885இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: நுண்ணுயிரே இல்லாத சூழலில் விலங்கு உயிர்வாழ முடியாமல் போகலாம். பத்தாண்டுகளுக்குள் பெர்லினில் நட்டாலும் தியர்ஃபெல்டரும் கிருமி நீக்கிய கூண்டில் கினிப்பன்றிக் குட்டிகளைச் சில நாட்கள் உயிரோடு வளர்த்துக் காட்டினார்கள். சில நாட்கள் வாழ்ந்தால் போதுமா, தலைமுறை தழைக்க வேண்டாமா என்ற வாதம் உடனே எழுந்தது. ‘தேவை’ என்ற சொல்லுக்கு எந்த அளவுகோல் என்ற இந்தச் சிக்கல் இன்றும் இத்துறையை விட்டபாடில்லை.

பூச்சிகளின் பக்கம் வேறொரு புதிர் காத்திருந்தது. அசுவினியின் வயிற்றுக்குள் மஞ்சள் கருவைப் போன்ற ஒரு திசு இருப்பதை ஆங்கிலேய உயிரியலாளர் ஹக்ஸ்லி 1858இல் விவரித்து, அதற்குப் ‘போலி மஞ்சள் கரு’ என்ற பொருள்படப் பெயரிட்டார். அது எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. 1910இல் இத்தாலியின் பியரன்டோனியும் செக் நாட்டவரான ஷுல்ட்ஸும் ஒருவரையொருவர் சாராமல் விடை கண்டார்கள்: அந்தத் திசு முழுக்க நுண்ணுயிர்கள் நிரம்பியிருக்கின்றன. இதற்கு ஓராண்டு முன்புதான் இத்தாலியில் லியோனெல்லோ பெட்ரி, ஆலிவ் ஈயின் தலைப்பகுதியில் பாக்டீரியா நிறைந்த ஒரு பை இருப்பதைக் கண்டிருந்தார். ஆக, இரண்டு வகைக் குடியிருப்புகளும் ஒரே சமயத்தில் தெரியவந்தன. ஒன்று உயிரணுவுக்குள், மற்றொன்று குடல் வழியில். இவ்விரண்டையும் ஒன்றாகப் பேசுவதால் வந்த குழப்பங்கள் பல.

குறை நிரப்பும் துணை

முதல் நிலைப்பாட்டுக்கு உருக்கொடுத்தவர் ஜெர்மன் விலங்கியலாளர் பால் புக்னர். வாழ்நாள் முழுவதும் பூச்சிகளை அறுத்துப் பார்த்து, 1953இல் பெரும் தொகுப்பு நூல் ஒன்றை வெளியிட்டார். அவர் கண்ட ஒழுங்கு எளிமையானது. எந்தப் பூச்சியின் உணவு ஒருபக்கச் சத்தோடு மட்டும் இருக்கிறதோ அதனிடம் கூட்டுயிர், அதாவது உடலுக்குள் கூடி வாழும் நுண்ணுயிர், இருக்கிறது. சாறு உறிஞ்சுபவை, இரத்தம் குடிப்பவை, மரம் தின்பவை எல்லாம் இந்தப் பட்டியலில் வந்தன. பலவகை உணவு தின்பவற்றில் பெரும்பாலும் இல்லை.

பின்னர் வந்த மூலக்கூறு ஆய்வுகள் சாறு உறிஞ்சிகளைப் பொறுத்தவரை புக்னரை வியக்கத்தக்க அளவில் மெய்ப்பித்தன. அசுவினியின் கூட்டுயிருக்கு 1991இல் அவர் பெயரே வைக்கப்பட்டது: புக்னெரா. 2000இல் ஷிகெனோபு குழுவினர் அதன் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்தபோது சுமார் 6,40,000 டிஎன்ஏ எழுத்துகளே இருந்தன. அதன் தூரத்து உறவான ஈ. கோலியிடம் 46 லட்சம். வெட்டி எறியப்பட்டவற்றின் நடுவே, அசுவினியால் செய்ய முடியாத அமினோ அமிலங்களைச் செய்யும் மரபணுக்கள் மட்டும் பத்திரமாக இருந்தன. அசுவினிக்கு எளிதில் கிடைப்பவற்றைச் செய்யும் மரபணுக்களோ பெரும்பாலும் தொலைந்திருந்தன. இரண்டு பட்டியல்களும் பூட்டும் சாவியும் போலப் பொருந்தின.

மாவுப்பூச்சியில் இந்தக் கதை இன்னும் விசித்திரம். எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் மாவுப்பூச்சியில் ஒரு பாக்டீரியாவின் உள்ளே இன்னொரு பாக்டீரியா குடியிருப்பது 2001இல் தெரியவந்தது. வெளிப் பாக்டீரியாவின் மரபணுத் தொகுதி 1,40,000 எழுத்துகளுக்கும் குறைவு. ஒரே அமினோ அமிலத்தை உருவாக்கும் படிகளை இவ்விரண்டும் பூச்சியும் பங்கிட்டுக்கொள்கின்றன.

ஆனால் இவை எதுவும் கண்டிப்பான பொருளில் குடல் பாக்டீரியாக்கள் அல்ல. பூச்சியின் தனிப்பட்ட உயிரணுக்களுக்குள், தாயிடமிருந்து முட்டை வழியாக நேராகக் கடத்தப்படுபவை. நெல்லைக் காயவைக்கும் புகையானில் இந்தப் பணியைச் செய்வது பாக்டீரியாகூட அல்ல, ஈஸ்ட் போன்ற ஒரு பூஞ்சை. புக்னரின் ஒழுங்கைக் குடல் குழாயின் பாக்டீரியாக்களுக்கும் அப்படியே நீட்டியதுதான் முதல் நிலைப்பாட்டின் பலவீனம். இலை தின்னும் பூச்சிக்கும் உணவில் குறை இருக்கிறது, அதன் குடலிலும் பாக்டீரியா இருக்கிறது, ஆகவே இது அதை நிரப்புகிறது என்று முடிவு கட்டிய கட்டுரைகள் ஏராளம். நடுவில் இருக்கும் ‘ஆகவே’ பெரும்பாலும் சோதிக்கப்படவில்லை.

நாவாய்ப்பூச்சி தந்த சான்று

குடல் பாக்டீரியாவுக்கு ஆதரவான மிக வலுவான சான்றுகள் நாவாய்ப்பூச்சிகளிடமிருந்து வந்திருக்கின்றன. இவற்றில் பலவற்றுக்கு நடுக்குடலின் கடைசிப் பகுதியில் வரிசையாகச் சிறு பைகள் இருக்கும். பைகளுக்குள் பாக்டீரியா. உயிரணுவுக்கு வெளியே இருப்பதால் ஆய்வாளர்கள் அதை எடுக்கலாம், மாற்றலாம், திரும்பக் கொடுக்கலாம். அசுவினியில் அப்படிச் செய்வது மிகக் கடினம்.

ஜப்பானில் ஃபுகாட்சு, ஹோசோகாவா, கிகுச்சி ஆகியோர் இருபதாண்டுகளாகச் செய்துவரும் வேலை இங்கே குறிப்பிட வேண்டியது. மெகாகோப்டா என்ற நாவாய்ப்பூச்சி முட்டையிடும்போது, முட்டைகளுக்கு அடியில் பழுப்பு நிறச் சிற்றுறைகளையும் வைத்துவிட்டுப் போகிறது. பொரிந்த குஞ்சு முதல் வேலையாக அதை உறிஞ்சுகிறது. உறைக்குள் இருப்பது தாயின் குடல் பாக்டீரியா. குழந்தைக்குச் சேனை வைக்கும் வழக்கத்தை இது நினைவூட்டக்கூடும்; இங்கே அது வழக்கம் அல்ல, உயிர்ப் பிரச்சினை. உறையை எடுத்துவிட்டால் குஞ்சுகள் சரியாக வளர்வதில்லை.

2007இல் வெளியான அவர்களுடைய சோதனை ஒன்று, பூச்சியியலில் நெடுநாள் நம்பிக்கை ஒன்றை அசைத்தது. மெகாகோப்டாவின் ஓர் இனம் சோயாவில் நன்றாகப் பெருகும் பீடைப்பூச்சி. மிக நெருங்கிய மற்றோர் இனம் சோயாவில் இட்ட முட்டைகள் பல பொரிவதே இல்லை. ஆய்வாளர்கள் முட்டை உறைகளை இடம் மாற்றிவைத்தார்கள். பாக்டீரியாவோடு சேர்ந்து திறமையும் இடம் மாறியது. பீடையாக இருந்த பூச்சியின் முட்டைகள் பொரிவது குறைந்தது. பீடையல்லாத பூச்சியின் முட்டைகள் நன்றாகப் பொரிந்தன. எந்தச் செடியைத் தின்ன முடியும் என்பதைப் பூச்சியின் மரபணு தீர்மானிக்கிறது என்று எழுதிவந்த பாடநூல்களுக்கு இது சங்கடமான முடிவு. அவரை வகைகளைத் தாக்கும் பூச்சியைப் பற்றிப் பேசும்போது உண்மையில் யாரைப் பற்றிப் பேசுகிறோம்?

கதிர்களையும் காய்களையும் தாக்கும் ரிப்டோர்ட்டஸ் பூச்சியின் வழி முற்றிலும் வேறு. தாய் எதையும் தருவதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் மண்ணிலிருந்து பர்க்ஹோல்டேரியா வகைப் பாக்டீரியாவைத் தானே தேடிக்கொள்கிறது. மண்ணில் ஆயிரம் வகை இருக்கும்போது சரியானது மட்டும் எப்படி உள்ளே போகிறது? குடலில் நூலிழை போல ஒடுங்கிய ஒரு பாதை இருக்கிறது. அதில் நீந்தக்கூடிய பாக்டீரியா மட்டுமே கடக்கிறது. வாசலிலேயே வடிகட்டல்.

இதன் விளைவு வயலில் தெரிந்தது. ஃபெனிட்ரோதியான் என்ற பூச்சிக்கொல்லியை அடிக்கடி தெளித்த மண்ணில் அதைச் சிதைத்து உணவாக்கும் பாக்டீரியாக்கள் பெருகின. அவற்றைக் குடலில் ஏற்றுக்கொண்ட பூச்சிகள் மருந்துக்குச் சாகவில்லை. 2012இல் கிகுச்சி குழுவினர் வெளியிட்ட இந்த முடிவின்படி, பூச்சியில் எந்த மரபணு மாற்றமும் நிகழாமலே எதிர்ப்புத் திறன் ஒரே தலைமுறையில் வந்துவிடலாம். மருந்து வேலை செய்யவில்லை என்று விவசாயி புகார் சொல்லும்போது, பூச்சியை மட்டும் சோதிப்பது போதாமல் போகலாம் என்று இதற்குப் பொருள். வயல்வெளிகளில் இது எவ்வளவு பரவலாக நிகழ்கிறது என்பது தனிக் கேள்வி.

2022இல் அதே ஆய்வுக் கூட்டம் இன்னொரு படி போனது. மற்றொரு நாவாய்ப்பூச்சிக்கு அதன் சொந்தக் கூட்டுயிருக்குப் பதிலாக ஈ. கோலியைக் கொடுத்து, தலைமுறை தலைமுறையாகப் பரிணமிக்க விட்டார்கள். சர்க்கரைப் பயன்பாட்டை நெறிப்படுத்தும் வழியில் ஒரே ஒரு மரபணு மாற்றம் போதுமானதாக இருந்தது, சாதாரண ஈ. கோலி பூச்சிக்கு உதவும் கூட்டுயிராக மாறியது. கோடிக்கணக்கான ஆண்டுகள் கூடவே பரிணமித்த உறவு என்று நாம் போற்றும் ஒன்று, தொடங்கும்போது இவ்வளவு எளிதாகத் தொடங்கியிருக்கக்கூடும்.

சுவரை உடைப்பதும் நஞ்சை முறிப்பதும்

குறை நிரப்புதல் என்பது அமினோ அமிலத்தோடு நிற்பதில்லை. செரிமானம், நஞ்சு முறிவு ஆகிய இரண்டு பணிகளும் பாக்டீரியாக்கள் மேல் ஏற்றப்பட்டிருக்கின்றன. செரிமானத்தின் பழைய எடுத்துக்காட்டு கரையான். 1924இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து, கரையானின் குடலிலிருந்து ஒருசெல் உயிர்களை நீக்கினால் அது மரத்தைத் தின்றுகொண்டே பட்டினியில் சாகிறது என்று காட்டினார். அரை நூற்றாண்டுக்கு மேல், கரையானால் தானே செல்லுலோஸைச் செரிக்க முடியாது என்பது பொதுக் கருத்தாக இருந்தது. 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கரையானின் சொந்த மரபணுவிலிருந்து உருவாகும் செல்லுலேஸ் நொதியைக் கண்டார்கள். கூட்டுயிர் தேவையில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. வேலை பங்கிடப்பட்டிருக்கிறது என்பதே அர்த்தம்.

பெக்டின் விஷயத்தில் சான்று தெளிவாக இருக்கிறது. முட்செடி இலைகளைத் தின்னும் ஆமை வண்டு ஒன்று, குடலின் முன்பகுதியோடு இணைந்த சிறு உறுப்புகளில் ஸ்டாம்மெரா என்ற பாக்டீரியாவை வளர்க்கிறது. ஹசன் சலேம் குழுவினர் 2017இல் காட்டியபடி, இதன் மரபணுத் தொகுதி சுமார் 2,70,000 எழுத்துகளே. உயிரணுவுக்கு வெளியே வாழும் கூட்டுயிர்களில் அதுவரை அறியப்பட்டதில் மிகச் சிறியது. வைத்திருக்கும் சில மரபணுக்களில் முக்கியமானவை பெக்டினை உடைப்பவை. முட்டையின் மேல் வைக்கும் சிறு தொப்பி வழியாகத்தான் இதுவும் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. தொப்பியை நீக்கினால் புழுவால் இலையைச் செரிக்க முடிவதில்லை.

இதே இடத்தில் எதிர்வாதமும் பிறக்கிறது. இலை வண்டுகளிலும் கூன்வண்டுகளிலும் பல இனங்கள் இதே வகை நொதிகளைத் தங்கள் சொந்த மரபணுக்களிலிருந்தே செய்கின்றன. அந்த மரபணுக்களின் வம்சத்தைத் தேடினால் பாக்டீரியாவிலும் பூஞ்சையிலும் போய் நிற்கிறது. எப்போதோ பூச்சி அவற்றைக் கைப்பற்றித் தன்வசமாக்கிக்கொண்டது. இந்த எதிர் நிலைப்பாட்டின்படி, சிலவற்றில் பாக்டீரியா ஒரு படிக்கல்தான். கடன் வாங்கியவன் கடைசியில் கடையையே வாங்கிவிட்டான்.

இரண்டு வழிகளையும் ஒரே பூச்சியில் பார்க்கலாம். காபிக் காய்த்துளைப்பான், உலகெங்கும் காபித் தோட்டக்காரர்களின் தலைவலி. இந்தியாவில் 1990இல் நீலகிரி மாவட்டத்தின் கூடலூரில்தான் முதலில் கண்டறியப்பட்டது. காபி விதையின் மாவுப்பொருளில் பெரும்பங்கான காலக்டோமன்னனை உடைக்கும் நொதி இதனிடம் உண்டு. பாக்டீரியாவிலிருந்து வந்த அந்த மரபணு இப்போது வண்டின் குரோமோசோமிலேயே இருப்பதாக 2012இல் அறியப்பட்டது. மறுபுறம், விதையின் காஃபீனை என்ன செய்கிறது? 2015இல் செகா-நவாரோ குழுவினர், குடலில் உள்ள சூடோமோனாஸ் ஃபுல்வா காஃபீனைச் சிதைப்பதையும், நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தால் அந்தத் திறன் போவதையும், பாக்டீரியாவைத் திருப்பிக் கொடுத்தால் திரும்புவதையும் காட்டினார்கள். ஒரே வயிற்றில், ஒரு பணிக்குச் சொந்த மரபணு. மற்றொன்றுக்கு வாடகைக் குடியிருப்பாளர். ஏன் ஒன்று நிலையாகப் பதிந்தது, மற்றது பதியவில்லை என்பதற்குத் திருப்தியான விளக்கம் இல்லை.

நஞ்சு முறிவில் பெட்ரியின் ஆலிவ் ஈயும் இடம்பெறுகிறது. பச்சை ஆலிவ் காயில் ஒலியூரோபீன் என்ற கசப்புப் பொருள் நிறைய. கூட்டுயிர் இல்லாத புழுக்கள் பழுத்த காயில் வளர்கின்றன. பச்சைக் காயில் முடிவதில்லை என்று 2015இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் கண்டார்கள். எனவே கூட்டுயிர் ‘தேவையா’ என்ற கேள்விக்கு இங்கே பருவத்தைப் பொறுத்துப் பதில் மாறுகிறது.

காலியான குடல்

2017இல் வந்த ஓர் ஆய்வு இத்துறையின் பேச்சை வேறு திசையில் திருப்பியது. டோபின் ஹாமர், டேனியல் ஜான்சென் முதலியோர் கோஸ்டா ரிகாவிலும் அமெரிக்காவிலும் காட்டில் பிடித்த 124 இனப் புழுக்களின் குடலை ஆராய்ந்தார்கள். வண்ணத்துப்பூச்சி, விட்டில்களின் புழுக்கள் இவை; உலகத்தின் மிகப் பெரிய இலை தின்னிக் கூட்டங்களில் ஒன்று. முடிவு: நிலையாகக் குடியிருக்கும் பாக்டீரியாக் கூட்டம் என்று எதுவும் இல்லை. இருந்தவை மிகக் குறைந்த எண்ணிக்கையில், புழுவுக்குப் புழு வேறுபட்டு, பெரும்பாலும் தின்ற இலையோடு வந்தவையாக இருந்தன. புகையிலைப் புழுக்களுக்கு நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தும் அவற்றின் வளர்ச்சி குன்றவில்லை.

இதற்குக் காரணங்கள் புழுவின் உடலமைப்பிலேயே தெரிகின்றன. நடுக்குடலின் காரத்தன்மை மிக அதிகம். சில இனங்களில் பிஎச் 10ஐத் தாண்டும். உணவு விரைவாகக் கடந்துபோகிறது. நாவாய்ப்பூச்சியின் பைகளைப் போல ஒதுங்கி நிற்க இடமும் இல்லை. புழு இலையைச் சுரண்டித் தள்ளி, எளிதில் கிடைக்கும் சாற்றை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கழிவாக வெளியேற்றுகிறது. தரத்துக்குப் பதில் அளவு. முசுக்கொட்டை இலைத் தட்டின் கீழ் குவியும் பட்டுப்புழு எச்சத்தைக் கண்டவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. ஜப்பானில் பட்டுப்புழுவை நுண்ணுயிர் நீக்கிய செயற்கை உணவிலேயே வளர்த்தும் காட்டியிருக்கிறார்கள். பாஸ்டருக்கு அவர் ஆராய்ந்த புழுவே தந்த மறுமொழி என்று சொல்லலாம்.

எதிர்ப்பு வராமல் இல்லை. எண்ணிக்கை குறைவு என்பதால் செயல் இல்லை என்றாகிவிடாது. சில புழுக்களின் குடலில் என்டெரோகாக்கஸ் போன்றவை மீண்டும் மீண்டும் காணப்படுகின்றன. அவற்றில் ஒன்று நோய்க்கிருமிகளை அடக்கும் பொருளைச் சுரக்கிறது. இந்த வாதங்களில் சாரம் உண்டு. ஆனாலும் புழுக்களுக்குப் பொதுவான, இன்றியமையாத குடல் கூட்டம் உண்டு என்று நிறுவ இவை போதவில்லை என்பதே இக்கட்டுரையின் மதிப்பீடு. ‘இல்லை’ என்ற முடிவு நுண்ணுயிர் ஆய்வில் எளிதாக அச்சேறுவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வழிப்போக்கரும் எதிரியும்

இரு துருவங்களுக்கும் இடையே இன்னொரு பார்வை உண்டு: குடல் பாக்டீரியா கூட்டாளியும் அல்ல, வெறும் தூசியும் அல்ல, சந்தர்ப்பத்துக்கேற்ப அதன் பங்கு மாறுகிறது. பாலைவன வெட்டுக்கிளி இதற்கு நல்ல உதாரணம். அதைக் கிருமியில்லாமல் வளர்க்க முடியும். ஆனால் அப்படி வளர்ந்ததன் எச்சத்தில் குயாக்கால் என்ற வாசனைப் பொருள் இல்லை என்று டில்லன் குழுவினர் 2000இல் கண்டார்கள். வெட்டுக்கிளிகளைக் கூட்டமாகச் சேர்க்கும் மணக்கலவையில் குயாக்காலும் ஒன்று. இலையின் லிக்னினிலிருந்து வரும் ஒரு சேர்மத்தைக் குடல் பாக்டீரியா அப்படி மாற்றுகிறது. பாக்டீரியா உதவவேண்டும் என்று எதையும் செய்யவில்லை. அதன் கழிவைப் பூச்சி பயன்படுத்திக்கொள்கிறது.

கொலராடோ உருளைக்கிழங்கு வண்டு இன்னொரு வகை. இலையைக் கடிக்கும்போது அதன் வாய்ச் சுரப்பில் வரும் பாக்டீரியாக்களைத் தக்காளிச் செடி நோய்க்கிருமி என்று எடுத்துக்கொண்டு அதற்கான தற்காப்பைத் தொடங்குகிறது. பூச்சிக்கு எதிரான தற்காப்பு தளர்கிறது. செடியை ஏமாற்றும் வேலையில் பாக்டீரியா பொய்ச்சாட்சி.

குடல் பாக்டீரியா எதிரியாகவும் மாறும். 2018 முதல் இந்திய மக்காச்சோள வயல்களைப் படுத்தும் படைப்புழுவில், செடியின் தற்காப்புப் பொருள்கள் குடல் உறையைத் துளைத்தால், அதுவரை சாதுவாக இருந்த குடல் பாக்டீரியாக்கள் உடலுக்குள் புகுந்து பாதிப்பை அதிகரிக்கின்றன என்று 2019இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. பூச்சிக்கொல்லியாகப் பயன்படும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா பற்றிய சச்சரவும் இத்தகையதே. அது புழுவைக் கொல்லக் குடல் பாக்டீரியாவின் உதவி தேவை என்று 2006இல் பிராடரிக் குழுவினர் கூறினார்கள். நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்த புழுக்கள் சாகவில்லை என்பது அவர்களின் ஆதாரம். 2009இல் வேறு இரு குழுவினர் வேறு புழுக்களில் சோதித்து, தேவையில்லை என்றார்கள். புழுவின் உடலில் எஞ்சிய நுண்ணுயிர்க்கொல்லி, கொல்ல வந்த பேசில்லஸையே அடக்கியிருக்கலாம் என்பது ஒரு குழுவின் விளக்கம். இன்றும் இரு தரப்பும் முழுதாக இணங்கவில்லை.

கருவியின் பிழைகள்

இந்தக் கடைசிச் சச்சரவு ஒரு பொதுக் குறையைக் காட்டுகிறது. பாக்டீரியாவை நீக்கப் பெரும்பாலான ஆய்வுகள் நம்புவது நுண்ணுயிர்க்கொல்லியை. டெட்ராசைக்ளின் போன்றவை பூச்சியின் சொந்த மைட்டோகாண்ட்ரியாவையும் பாதிக்கும். பூச்சி மெலிந்தால் காரணம் பாக்டீரியா போனதா, மருந்தின் நேரடித் தீங்கா? பாக்டீரியாவைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக் காட்டாத எந்த ஆய்வையும் அரைச் சான்றாகவே கொள்ள வேண்டும். அந்த அளவுகோலில் நாவாய்ப்பூச்சி ஆய்வுகள் தேறுகின்றன. இலைப்புழுக்களைப் பற்றிய பல ஆய்வுகள் தேறவில்லை.

வரிசையறிதலில் வேறு வகைப் பொறி. பாக்டீரியாவை அடையாளம் காணப் பயன்படும் மரபணு, இலையின் பசுங்கணிகத்திலும் உண்டு. பசுங்கணிகமே ஆதியில் ஒரு பாக்டீரியாதானே. அதனால் இலை தின்னும் பூச்சியின் குடலில் கிடைக்கும் ‘பாக்டீரியா’ வரிசைகளில் பெரும்பங்கு செடியுடையதாக இருக்கும். அதைக் கழித்த பிறகு எஞ்சுவது மிகக் குறைவாக இருந்தால், ஆய்வகத்து வேதிக் கரைசல்களில் மிதக்கும் மாசும் சான்றாகத் தோன்றிவிடும். 2014இல் சால்டர் குழுவினர் இந்த ஆபத்தை எச்சரித்த பிறகும் வெற்று மாதிரியை ஒப்பிடாத பட்டியல்கள் வந்துகொண்டிருக்கின்றன. இன்னொன்று, குடலிலிருந்து எடுத்த பாக்டீரியாவைத் தட்டில் வளர்த்து, அது செல்லுலோஸையோ பூச்சிக்கொல்லியையோ சிதைப்பதைக் காட்டி, ஆகவே பூச்சியிலும் அதுவே நடக்கிறது என்று சொல்வது. மண்ணில் எடுத்த பாக்டீரியாவும் அதைச் செய்யும். இருப்பது வேறு, உறவு வேறு.

பூச்சியையும் அதன் எல்லா நுண்ணுயிர்களையும் சேர்த்து ஒரே உயிரியாகக் கருத வேண்டும், அவை ஒன்றாகவே பரிணமிக்கின்றன என்ற கோட்பாடு 2008 முதல் பேசப்படுகிறது. தாய்வழியில் தவறாமல் கடக்கும் கூட்டுயிர்களுக்கு அது ஓரளவு பொருந்தும். மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் வந்துபோகும் கூட்டத்துக்கு அதை நீட்டுவதை நான்சி மோரன், ஆஞ்செலா டக்ளஸ் உள்ளிட்ட பலர் ஏற்கவில்லை. அவர்கள் பக்கம் நியாயம் கனக்கிறது.

எஞ்சியிருப்பவை

இதுவரையான சான்றுகளை வைத்து ஓரளவு நம்பிக்கையோடு ஒன்று சொல்லலாம். ஒரு பூச்சி கூட்டுயிரைச் சார்ந்திருக்குமா என்பதை ஊகிக்க, அது தாவரம் தின்கிறது என்ற தகவலைவிட, பாக்டீரியாவுக்கென்று உடலில் தனி இடமும் அடுத்த தலைமுறைக்குக் கடத்தும் வழியும் உண்டா என்ற தகவல் அதிகம் உதவுகிறது. முட்டையுறை, முட்டைத் தொப்பி, தனிப்பை, ஒடுங்கிய பாதை என எது இருந்தாலும் பூச்சி அந்த உறவில் முதலீடு செய்திருக்கிறது. இவை எதுவும் இல்லாத இடத்தில் சான்று கூடுதலாகக் கேட்பதே முறை. மண்ணிலிருந்து எடுக்கும் ரிப்டோர்ட்டஸும் தனி இடம் வைத்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

சில பூச்சிகளுக்கு மட்டும் இப்படித் தனி இடம் ஏன் அமைந்தது என்பதற்கு விளக்கம் இன்னும் அரைகுறை. நாவாய்ப்பூச்சிக்குப் பையும் வாசலும் தோன்றின. ஏறத்தாழ அதே செடிகளில் வாழும் புழுவுக்குத் தோன்றவில்லை. கூன்வண்டுகளின் கூட்டுயிரான நார்டொனெல்லா, சுமார் 2 லட்சம் எழுத்துகளில் வண்டின் மேலோட்டைக் கெட்டிப்படுத்தும் டைரோசின் ஒன்றைச் செய்யவே பெரும்பாலும் வாழ்கிறது. தென்னையைக் குடையும் சிவப்புக் கூன்வண்டிலும் அது உண்டு. ஓட்டின் கடினம் ஒன்றுக்காக இவ்வளவு பழமையான உறவு நிலைத்திருப்பது, உணவுக் குறையை மட்டும் பார்த்துவந்த புக்னர் வழியால் முன்கூட்டிக் கணிக்க முடியாத ஒன்று.

உறவு எப்படி முடிகிறது என்பதும் தெளிவில்லை. தலைமுறைகள் தோறும் மரபணுக்களை இழந்து மெலியும் கூட்டுயிர், ஒருநாள் பயன்படாமல் போகலாம். ஜப்பானியச் சில்வண்டுகள் பலவற்றில் பழைய பாக்டீரியாவின் இடத்தை, பூச்சிகளைக் கொல்லும் பூஞ்சையின் வழித்தோன்றல் பிடித்திருப்பதை 2018இல் கண்டார்கள். காபிக் காய்த்துளைப்பானைப் போல மரபணுவைத் தன்வசமாக்கிய பூச்சிகள் அதற்கு முன் அந்தப் பாக்டீரியாவோடு கூடி வாழ்ந்தனவா, வழிப்போக்கரிடமிருந்து பறித்தனவா என்பதை மரபணு வரிசை மட்டும் சொல்லாது.

வெப்பம் இன்னொரு திறந்த பக்கம். கிகுச்சி குழுவினர் கியோட்டோவில் ஒரு பச்சை நாவாய்ப்பூச்சியை வெளிவெப்பத்தைவிட 2.5 பாகை கூடுதலான கொட்டகையில் வளர்த்தபோது, பூச்சிக்கு முன்பே அதன் குடல் கூட்டுயிர் குன்றியது; பூச்சி அதன் பின்னே தளர்ந்தது. அசுவினியின் புக்னெராவிலும் ஒரே ஓர் எழுத்து இழப்பு வெப்பத் தாங்குதிறனை மாற்றுகிறது. வெப்பம் கூடினால் பீடைப்பூச்சிகள் பெருகும் என்ற கணிப்புகள் பெரும்பாலும் பூச்சியின் வளர்ச்சி வேகத்தைக் கொண்டே போடப்படுகின்றன. கூட்டுயிரின் வெப்ப எல்லை அதைவிடத் தாழ்வாக இருக்கும் இனங்களில் அந்தக் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு, ஏற்கெனவே கோடையில் 40 பாகையைத் தொடும் வெப்பமண்டல வயல்களிலிருந்து போதிய அளவீடுகள் வேண்டும். இதுவரையான சான்றுகளில் பெரும்பகுதி மிதவெப்ப நாடுகளின் ஆய்வகங்களில் திரண்டவை.